நாநா சொன்ன ‘ஓம்’

எத்தாளை,
12.01.2018, வெள்ளிக்கிழமை.

கண்ணியமும் பாசமும் நிறைந்த என் நாநா முஹ்ஸின் அவர்களுக்கு, கூடப் பிறந்த ஒரே தம்பி மஸாஹிர் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் அஸீஸாவும் மகள் றுமைஸாவும் நலம். நலம் என்பது கடிதத்துக்காக எழுதுவது. உண்மையில் என் வலது கணுக்கால் வீங்கிப் பதினைந்து நாளாகிறது, அஸீஸா என்னோடு கதைப்பதை நிறுத்தியும் அதே பதினைந்து நாளாகிறது, மகள் கதைக்கிறாள், ஆனால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புக்காரனோடு கதைப்பது போலக் கதைக்கிறாள். மற்றபடி நலமே. அங்கே தாங்களும் மதினியும் மகள் ஜுமானாவும் சுகமாக இருக்க ஐந்து நேரமும் துஆ செய்கிறேன். தங்கள் செவலைப் பசு கன்று ஈன்றுவிட்டதா என்பதையும் அறிய ஆவல்.

செவ்வாய்க்கிழமைதானே போனில் எல்லாம் கதைத்தோம், கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். முதலாவது காரணம், என் போன் உப்புத் தண்ணீர் குடித்ததிலிருந்து பாதி வார்த்தையைத்தான் தருகிறது. அதன் கதையைக் கீழே எழுதுகிறேன். இரண்டாவது, தங்கள் ஊர்க் கவரேஜை நம்பி ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க முடியவில்லை. அன்று நான் கவரேஜுக்காக மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் ஒற்றைக் காலில் நின்று கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்தேன், தங்கள் பக்கத்தில் சத்தமே இல்லை. நாலு தரம் ‘ஹலோ’ சொன்னேன். போன் கம்பனிக்காரனின் ஏழு தலைமுறையையும் ஏசினேன். பிறகுதான் ‘ஓம்டா தம்பி, எடுத்துத் தாறன்’ என்று தங்கள் குரல் வந்தது. இடையில் தாங்கள் சொன்னது என்னவோ, எல்லாம் காற்றோடு போய்விட்டது. மூன்றாவது காரணம்தான் முக்கியம். எங்கள் வீட்டுச் சுவர் மெல்லியது, மகளுக்குக் காது கூர்மை. ஆகையால் இதைக் கருவாட்டு வாடிக் கொட்டிலுக்குள் ஒளிந்திருந்து எழுதுகிறேன். கடதாசியில் கட்டா மீன் வாசம் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்ணாத்திவில்லுப் பாதையால் போகும் மன்னார் பஸ்காரரிடம் கருவாட்டுப் பொதியோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்.

இனி நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஏ.எல். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று காலை நான் வாடியில் கட்டாவுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். மகளுடைய மெசேஜ் வந்தது. மூன்று பாடம், இரண்டு ஏ, ஒரு பி என்று இருந்தது. எனக்கு ஏ தெரியும், பி எதற்கு வந்தது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு ஓட எழும்பினேன். இடையில் இருந்த உப்புத் தண்ணீர்ப் பீப்பாயை மறந்துவிட்டேன். கால் ஒரு பக்கம் மடங்கியது, போன் மறுபக்கம் போய் பீப்பாய்க்குள் விழுந்தது. கால் வலியில் கத்தினேனா சந்தோஷத்தில் கத்தினேனா என்று பக்கத்து வாடிக்காரருக்கு இன்றைக்கும் சந்தேகம். நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், மகளைக் கட்டிப்பிடித்து அழுதேன் நாநா. நம் குடும்பத்தில் ஏ.எல். வரைக்கும் போனதே இவள்தான் முதல் ஆள் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். (ஜுமானா போன வருடம் எழுதியது எனக்கு மறக்கவில்லை. சந்தோஷத்தில் வந்த வார்த்தை, மதினியிடம் சொல்ல வேண்டாம்.) போனை அஸீஸா அரிசிக்குள் புதைத்து வைத்தாள். இரண்டு நாள் கழித்துப் போன் உயிர் பிழைத்தது. அந்த அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டோம், அது உப்புப் போடாமலே கரித்தது.

அதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் தெரியட்டும் என்று பள்ளிவாசல் முஅத்தினிடம் ஆள் அனுப்பி, மைக்கில் நாலு வார்த்தை அறிவிக்கச் சொன்னேன். நல்ல மனிதர், ஆனால் அவர் வாழ்நாளில் மைக்கில் அறிவித்ததெல்லாம் மரணம் சொல்லும் ஜனாஸாவும் தொலைந்த ஆடும்தான். ஆடு தொலைந்தால் கொஞ்சம் உற்சாகமாகச் சொல்வார். மகளுடைய விஷயம் பெரிய விஷயம் என்று நினைத்து ஜனாஸாக் குரலை எடுத்துவிட்டார். ‘எத்தாளையைச் சேர்ந்த மஸாஹிர் அவர்களின் அன்பு மகள் றுமைஸா அவர்கள் இன்று காலை...’ என்று இழுத்தார். அந்த இடத்தில் கரண்ட் போனது.

பத்து நிமிஷத்தில் முற்றம் நிறைந்துவிட்டது. அஸீஸா குசினியில் பாலுக்குச் சீனி போட்டுக்கொண்டு நின்றவள், வாசலில் பொம்பிளைகள் ஒப்பாரியோடு வருவதைக் கண்டு, பின்வளவில் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நான்தான் காலோடு சேர்ந்து மௌத்தாகிவிட்டேன் என்று நினைத்து அவளும் அழத் தொடங்கினாள். ‘பொறுமை செய்ங்க அஸீஸா, சின்ன வயசு’ என்று ஒருத்தி கட்டிப்பிடித்தாளாம். ‘என்ன சின்ன வயசு, அவருக்கு அம்பது’ என்று இவள் சொன்னாளாம். இந்தச் சத்தத்தில் அறைக்குள்ளிருந்து றுமைஸா வெளியே வந்து, ‘ஆரு மௌத்து?’ என்று கேட்டாள். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அதற்குப் பிறகு அஸீஸா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தேத்தண்ணி தருகிறாள், ஆனால் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தத்தில் எல்லாம் இருக்கிறது.

வந்தவர்களில் ஜப்பார் ஹாஜியாரும் ஒருவர். தாங்கள் அறிவீர்கள், இந்த ஊரின் பழைய ஆள், தோட்டம் துரவு உள்ளவர், நாம் அகதியாக வந்திறங்கிய அன்று முதல் சோற்றுப் பானையை இறக்கி வைத்தவர். அவர் மகளுக்காக நிஜமாகவே அழுதுகொண்டு வந்தார். அவளை உயிரோடு கண்டதும் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று தலையில் கை வைத்து இன்னும் கொஞ்சம் அழுதார். பிறகு பெறுபேறைக் கேட்டார். சொன்னோம். கண்ணைத் துடைத்துக்கொண்டே, ‘அப்ப எங்கட புத்தளத்துப் புள்ளைகள்ட சீட்டு ஒண்டு மன்னார் ஆக்களுக்குப் போவுது’ என்றார். ஒரே மூச்சில், நாநா! கண்ணீர் காயவில்லை. எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. இருபத்தேழு வருடம் இந்த மண்ணில் உப்புப் போட்டுக்கொண்டிருக்கிறோம், மகள் பிறந்தது இங்கே, படித்தது இங்கே. இங்கே நம்மை மன்னார் ஆக்கள் என்கிறார்கள், தாங்கள் திரும்பிப் போய்க் குடியேறிய நம் ஊருக்கு வந்தால் புத்தளத்தார் வந்திருக்கிறார் என்று தேத்தண்ணி தருகிறார்கள்.

இரண்டாம் நாள் அனஸ்தாசியா டீச்சர் வந்தார். மகளுக்குத் தர்க்கம் சொல்லும் அளவையியல் படிப்பித்தவர், கற்பிட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து படிப்பிப்பவர். கையில் ஒரு தடித்த புத்தகம். சந்தோஷத்தைச் சொல்லிவிட்டு, ‘ஆனா ஒரு விஷயம் இருக்கு மஸாஹிர் அண்ணன்’ என்றார். மகள் படிக்க ஆசைப்படுவது சட்டம். இந்த ஆசை எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும், கீழே சொல்கிறேன். சட்டத்துக்குப் போக ஏ, பி எல்லாம் போதாதாம். இசட் புள்ளி என்று ஒன்று உண்டாம். ‘நீங்க எவ்வளவு எடுத்தீங்க எண்டு இல்ல, மற்ற ஆக்களோட பாக்கைக்க எங்க நிக்கிறீங்க எண்டு அது சொல்லும்’ என்றார் டீச்சர். கொஞ்ச இடங்களை முழு இலங்கைக்கும் திறமைப்படி கொடுக்கிறார்கள், மிச்சத்தை மாவட்டம் மாவட்டமாகப் பிரிக்கிறார்கள், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வெட்டுப்புள்ளி, கடைசி மூன்று வருடம் படித்த மாவட்டம்தான் பிள்ளையின் மாவட்டம் என்றார். அது ஏன் என்று நான் கேட்கவில்லை. வெயில் காலத்தில் சீமெந்துத் தளத்தில் காய்ந்த கட்டாவையும், மழை மாதத்தில் ஓலைப் பந்தலில் ஈரத்தோடு போராடிக் காய்ந்த கட்டாவையும் பக்கத்தில் வைத்து இது முதல்தரம் அது மூன்றாம்தரம் என்று சொல்கிற வியாபாரியோடு நான் எத்தனை தரம் சண்டை பிடித்திருக்கிறேன். அரசாங்கத்துக்கும் இந்தக் கருவாட்டு நியாயம் தெரிந்திருப்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டீச்சர் அடுத்ததைச் சொல்லும் வரைக்கும்.

போன வருடத்துப் புத்தளம் வெட்டுப்புள்ளிக்கு மகள் ஒரு மயிரிழை கீழே நிற்கிறாளாம். அதே புள்ளி மன்னார்ப் பட்டியலில் இருந்தால் தாராளமாக உள்ளே போயிருப்பாளாம்.

நாநா, அன்று நான் தூங்கவில்லை. அந்த மயிரிழையையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். விடியும்போது எனக்கு விளங்கியது. மகள் ஏன் புத்தளத்துப் பட்டியலில் இருக்கிறாள்? தொண்ணூறில் மன்னார் முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து நம்மையும் ஊரைவிட்டுத் துரத்தினார்கள், அதனால். துரத்தாமல் விட்டிருந்தால் அவள் எங்கே படித்திருப்பாள்? ஊரில், நம் பள்ளிக்கூடத்தில், தாங்களும் நானும் வேலியேறிக் குதித்த அதே பள்ளிக்கூடத்தில். ஆக, அங்கே மூன்று வருடம் படித்தாள் என்று அந்தப் பள்ளிக்கூட அதிபர் ஒரு கடிதம் தந்தால் அது பொய்யல்ல, நடந்திருக்க வேண்டியது நடந்ததாக எழுதுவது. இதை யாரிடம் கேட்பது என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அதிபர் தங்கள் கூட்டாளி. தாங்களோ எனக்கு இதுவரை எதையும் இல்லை என்று சொன்னதில்லை. தொண்ணூறில் கற்பிட்டிக்கு வந்த கடைசித் தோணியில் இன்னும் ஓர் ஆளுக்குத்தான் இடம் என்று சொன்னபோது, உம்மாவின் தையல் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ‘நாநா, நான் ஏறவா?’ என்று கேட்டேன். ‘ஓம்டா, ஏறு’ என்றீர்கள். ஏறிவிட்டேன். தாங்கள் காட்டு வழியால் நடந்து நாலாம் நாள் வந்து சேர்ந்தீர்கள். ‘அந்த மெஷின எறிஞ்சிட்டு நாநாவ ஏத்தியிருக்கலாமே’ என்று அஸீஸா கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள். மெஷினை எறியலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மகள் இதற்குச் சம்மதித்தாளா என்று கேட்பீர்கள். இல்லை. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அவள் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு அரசாங்கம் தரும் மீள்குடியேற்ற வீடு பதிய அதிகாரி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதுதானே? நாங்கள் ஊரோடு வந்துவிட்டோம் என்று காட்ட வேண்டும், எனக்கோ கருவாட்டை விட்டு வர முடியாது. பாயும் பானையும் கொண்டுவந்தேன், தங்கள் ஆட்டை இரவல் வாங்கி வாசலில் கட்டினேன், மகளுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை நனைத்துக் கொடியில் போட்டேன். அன்று கழுவிப் போட்டதுபோல் இருக்க வேண்டும் என்று தாங்கள்தான் மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்தீர்கள். அதிகாரி வந்தார், எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார், கடைசியில் மகளைக் கூப்பிட்டு, ‘எந்தப் பள்ளிக்கூடம் மகள்?’ என்றார். ‘எத்தாளை.’ ‘இங்க எப்ப வந்தீங்க?’ ‘காலம வந்த. பின்னேரம் பஸ்ஸுல போறம். ஆடு எங்கட இல்ல.’ அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதிகாரி நல்ல மனிதர், சொட்டிக்கொண்டிருந்த சட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ‘சட்டை காஞ்ச பொறகு வந்து பதியுங்க’ என்று போனார். அந்த வீட்டுக்கு இன்றுவரை கூரை வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, ‘வாப்பா, அங்க எங்கட காணி இரிக்கிறது உண்மதானே? அத அப்பிடியே சொல்லிக் கேக்க ஏலாதா?’ என்று கேட்டாள். சட்டம் படிக்கும் ஆசை அந்த பஸ்ஸில் ஏறியதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போதும் அதே கதைதான். அதிபர் கடிதத்தைப் பற்றி மெல்ல வாயைத் திறந்தேன். ‘நான் எத்தாளையில படிச்சவள் வாப்பா. ஒரு நாள்கூட அந்தப் பள்ளிக்கூடத்து வாங்குல இருந்ததில்ல’ என்றாள். நான் துரத்தப்பட்ட நியாயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘தொரத்தினது உண்ம. அதுக்கு நான் எங்க வேணுமெண்டாலும் வந்து சாட்சி சொல்லுவன். ஆனா அங்க இப்ப படிக்கிற புள்ளைக தொரத்தேல்லயே’ என்றாள். ‘அந்தப் புள்ளைக ஆரெண்டு ஒனக்குத் தெரியுமா?’ என்று கேட்டேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். இதுதான் சங்கதி. ரோஷம், வேறொன்றுமில்லை. படிப்பு வந்தால் பிள்ளைகளுக்கு ரோஷமும் வருகிறது. அவள் போனுக்கு ரீலோட் காசு போட்டே நான் மெலிந்துபோனேன். இரண்டு வருடமாக டீச்சர் கொடுத்த நோட்டையெல்லாம் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து யாருக்கோ அனுப்புகிறாள். ‘ஆருக்கு மகள்?’ என்றால் ‘கூட்டாளிக்கு’ என்பாள். படிக்கிற பிள்ளையோடு எதற்குச் சண்டை என்று விட்டுவிட்டேன்.

ஆகையால் நாநா, அவள் சொல்வதைப் பெரிதாக எடுக்காமல், தாங்கள் ஓம் என்றபடி அதிபரிடம் அந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். மூன்று வருடம் என்று தெளிவாக இருக்க வேண்டும். மகளுடைய பரீட்சைச் சுட்டெண்ணைக் கடைசியில் எழுதுகிறேன். அதிபருக்கு ஒரு பொதி நெத்தலி தனியாகக் கட்டியிருக்கிறேன், இலஞ்சம் என்று நினைத்துவிடாமல் அன்பளிப்பு என்று மேலே எழுதியும் இருக்கிறேன். எனக்கு ஒரே பிள்ளை நாநா. அவள் கறுப்புக் கோட்டுப் போட்டு நீதிமன்றப் படியில் ஏறுவதை ஒருநாள் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், மற்றக் கணுக்காலும் போகட்டும்.

மதினிக்கு என் ஸலாம். கட்டா அவவுக்கு, தேங்காய்ப் பாலில் ஆக்கச் சொல்லுங்கள். ஜுமானாவுக்கு இந்தச் சாச்சாவின் அன்பு, தையல் பழகுகிறாளா, வேறு ஏதும் படிக்கிறாளா என்று கேட்டதாகச் சொல்லுங்கள். அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், பசுவுக்கு நல்ல பாலையும், என் வீட்டில் பேச்சு வார்த்தையையும் தந்தருள்வானாக. ஆமீன்.

இப்படிக்கு,
தங்கள் துஆவை என்றும் நாடும் தம்பி,
மஸாஹிர்.

பி.கு.: நாநா, மேலே எழுதிய ஒன்றையும் செய்ய வேண்டாம்.

கடிதத்தை மடித்துக் கவரில் போட்ட பிறகுதான் சுட்டெண் எழுதவில்லை என்பது ஞாபகம் வந்தது. ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போய், ‘மகள், சும்மா ஒரு கேள்வி. ஒங்கட சுட்டெண் என்ன?’ என்று கேட்டேன். எனக்குச் சும்மா கேட்கவும் தெரியாது போலிருக்கிறது. முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டாள். ‘பெரிய வாப்பாட்டக் கேட்டீங்களா?’ என்றாள். ஓம் என்றேன். ‘அவர் என்ன சொன்னாரு?’ என்றாள். ‘ஓம் எண்டாரு, எடுத்துத் தாறன் எண்டாரு’ என்றேன். அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். ‘ஓம் எண்டா சொன்னாரு?’ என்று திரும்பவும் கேட்டுவிட்டு அழுதாள். பெறுபேறு வந்த அன்றுகூட நான்தான் அழுதேன், அவள் அழவில்லை.

பிறகு சொன்னாள். ஜுமானா இந்த முறை இரண்டாம் தரம் எழுதியிருக்கிறாள். போன வருடம் கிடைக்காமல் போனபோது ஊர் கதைத்ததால் இந்த முறை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று றுமைஸாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அங்கே அளவையியலுக்கு டீச்சர் இல்லையாம், ஒரு வருடம் முழுக்க இல்லையாம். என் ரீலோட்டில் பக்கம் பக்கமாகப் போன நோட்டெல்லாம் அவளுக்குத்தான். அவளுக்கும் சட்டம்தான் ஆசை. போன வருடத்து மன்னார் வெட்டுப்புள்ளிக்கு ஜுமானா ஒரு மயிரிழை மேலே நிற்கிறாள். றுமைஸா அவளுக்குக் கொஞ்சம் மேலே. ‘மன்னாருக்கு எத்தின இடம் எண்டு நினைக்கிறீங்க வாப்பா? ஒரு கையில எண்ணலாம். நான் அங்க ஏறினா அவள் எறங்கணும்.’

நாநா, செவ்வாய்க்கிழமை அது கவரேஜ் இல்லை.

நான் பெட்டி மேல் நின்று கம்பனிக்காரனை ஏசிக்கொண்டிருந்தேன். தாங்கள் அங்கே போனைக் காதில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் இருக்கும் சொந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறீர்கள். பிறகும் ஓம் என்றீர்கள். ஜப்பார் ஹாஜியார் தன் ஊர்ப் பிள்ளைகளுக்காகச் சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் முகம் சுருக்கினேன். நானோ என் நாநாவின் பிள்ளையின் இடத்தை நாநாவிடமே எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன், நெத்தலியும் கட்டி. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தத் தையல் மெஷினும் இப்போதுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். றுமைஸா விடவில்லை. ‘அப்பிடியே அனுப்புங்க. நீங்க கேட்டதும் பெரிய வாப்பா ஓம் எண்டதும் எங்கயாவது எழுத்துல இரிக்கட்டும்’ என்றாள். இதை அஸீஸா குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பதினைந்து நாளுக்குப் பிறகு வாயைத் திறந்து, ‘மெஷினையும் எழுதினீங்களா?’ என்றாள். எழுதினேன் என்றேன். மகள் புத்தளத்திலிருந்தே விண்ணப்பிப்பாள். இந்த வருடம் வெட்டுப்புள்ளி இறங்கினால் போவாள், இறங்காவிட்டால் இன்னொரு தரம் எழுதுவாள். டீச்சர் வகுப்புக்கு வா என்று சொல்லிவிட்டார். நோட்டு இனியும் வரும் என்று ஜுமானாவிடம் சொல்லுங்கள், தேவைப்படாமல் போகட்டும். இன்று பள்ளிவாசல் வாசலில் ஹாஜியார் செருப்பைத் தேடிக்கொண்டே, ‘எங்கட புள்ளைக்கு சீட்டு எப்பிடியாம்?’ என்று கேட்டார். எங்கட என்றுதான் சொன்னார், நன்றாகக் கேட்டேன்.

நெத்தலியை அதிபருக்குக் கொடுக்க வேண்டாம், ஜுமானாவுக்குப் பொரித்துக் கொடுங்கள். இன்னும் ஒரே ஒரு உதவி, நாநா. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் எடுப்பேன். எடுத்து, அந்தக் கடிதத்தைத் திரும்பவும் கேட்பேன். தாங்கள் ‘ஏலாதுடா தம்பி’ என்று சொல்ல வேண்டும். சொல்லிப் பழக்கமில்லை என்று தெரியும், மதினியிடம் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்தாலும் பரவாயில்லை. நான் பெட்டியிலிருந்து இறங்காமல் கேட்டுக்கொண்டு நிற்பேன்.